கச்சேரிக்கு ஒரு பில் புத்தகம்

சுங்குவார்சத்திரத்தில் என் வீட்டு பீரோவில் ஒரு செக் கிடக்கிறது. 2011 அக்டோபர் தேதி போட்டு, மூலையில் இரண்டு கோடு கிழித்தது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியின் ஆயுத பூஜைக்கு எங்கள் மெல்லிசைக் குழு வாசித்ததற்கான பணம். குழுவின் பெயரில் எழுதியிருந்தார்கள். குழுவுக்கு பேங்கில் கணக்கே கிடையாது. லெட்டர் பேடில் எழுதிக் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். எங்களிடம் அதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் செக்குக்கு ஆறு மாதம் ஆயுள். நாங்கள் அலைந்து முடிப்பதற்குள் அது முடிந்துவிட்டது. ஆக்டோபேட் வாசித்த தம்பிக்கும் பாடிய இரண்டு பேருக்கும் என் கைக்காசைக் கொடுத்தேன்.

இப்போது இந்தப் பக்கத்துச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் தொழில்முறை இசைக்கு ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு தொடங்குகிறார்கள். கீபோர்டு சொல்லித்தர என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டாள். “உங்கப்பா நாயனத்துக்கு ஒத்து ஊதியே ஏழு வருசம் கழிச்சாருடா. ஆறு மாசத்துல என்னத்த வரும்?”

அம்மா கேட்டது நியாயம். எங்கள் பக்கத்தில் சங்கீதம் என்றால் காஞ்சிபுரம்தான். நாயனாப் பிள்ளை (1889–1934) அங்கே இருந்தார். வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் சென்னையிலிருந்து காஞ்சிக்கு வந்து அவரிடம் பாடம் கேட்டார்கள். யாரும் யாருக்கும் காகிதம் எழுதித் தரவில்லை. ‘நாயனாப் பிள்ளை சிஷ்யை’ என்று சொன்னால் போதும், அதற்கு மேல் கேள்வி இல்லை. அவருடைய கச்சேரிக்கு ‘ஃபுல் பெஞ்ச்’ என்று பெயர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆள். குழு நடத்தியவன் புத்தி வேறு எங்கே போகும்? அத்தனை பேருக்கும் சன்மானம் எப்படிப் பிரிந்திருக்கும் என்றுதான் நான் யோசிப்பேன்.

காகிதம் பிறகு வந்தது. 1949-இல் சென்னையில் அரசு கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல் முதல்வரானார். மேடையில் கொடிகட்டிப் பறந்தவர் வருகைப் பதிவேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். 1997-98-இல் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் வந்தன, காஞ்சிபுரத்திலும் ஒன்று. மூன்று வருடப் படிப்பு. குரலிசைக்கும் வயலினுக்கும் ஏழாம் வகுப்பு தேற வேண்டும். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தேவாரத்துக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். அந்த விதியை எழுதியவருக்கு மேளக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் நிலைமை தெரிந்திருக்கிறது.

கோடம்பாக்கத்தின் வழி வேறு. அங்கே நோட்ஸைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். அதற்கு மயிலாப்பூர் சாயி லாட்ஜில் தன்ராஜ் மாஸ்டரின் அறை இருந்தது. இளையராஜா மேற்கத்திய இசை படித்த இடம். படித்து முடித்தவனுக்கு கால்ஷீட் வந்தால் அதுதான் பட்டம். வாசித்தவனுக்கு ஒழுங்காகக் கூலி வர வேண்டும் என்று சங்கம் கட்டியவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். இசைக் கலைஞனும் தொழிலாளிதான் என்று ஸ்டுடியோ வாசலில் நின்று சொன்ன மனிதர். எங்களைப் போல ஊர் ஊராக வேன் ஏறிய குழுக்களுக்கு அப்படிச் சொல்ல ஆள் வாய்க்கவில்லை.

எங்கள் கூலி வெற்றிலைத் தட்டில் வந்துகொண்டிருந்தது. ஆடி மாதம் அம்மன் கோயில், கிருத்திகைக்கு வல்லக்கோட்டை, நடுவில் கல்யாண ரிசப்ஷன். பேசும்போது பாதி, மேடையிலிருந்து இறங்கியதும் மீதி. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998-இல் கார் வெளியே வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். ஏரிக்கரையை ஒட்டிக் கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பித்தன. ஆயுத பூஜை, குடும்ப விழா என்று எங்களுக்கும் புது மேடைகள் கிடைத்தன. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்து ‘ஒன்ஸ்மோர்’ கேட்பார்கள். ஆனால் அங்கே வெற்றிலைத் தட்டு இல்லை. “வெண்டர் கோடு இருக்கா? பில் எங்கே?” என்று ஒரு பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டான். இருபது வருடம் வாசித்தவன் முழித்துக்கொண்டு நின்றேன்.

சமுதாயக் கல்லூரி என்கிற ஏற்பாடு அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் நகரில் வேர் பிடித்தது. நம் பக்கம் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும், அடுத்த வருடம் சென்னையிலும் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்களுக்கு, அக்கம்பக்கத்தில் எந்த வேலைக்கு ஆள் தேவையோ அதைக் குறுகிய காலத்தில் கற்றுத்தருவது அதன் நோக்கம். வெல்டிங்குக்கும் நர்சிங் உதவிக்கும் பொருந்தியது இசைக்குப் பொருந்துமா என்று பாடத்திட்டக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

நான் அம்மா பக்கம்தான் பேசினேன். ஆறு மாதத்தில் சங்கீதம் வராது. வருகிற பையன் ஏற்கெனவே சர்ச்சிலோ பஜனையிலோ வாசித்துக்கொண்டிருப்பான். அவன் கையைக் கொஞ்சம் நேராக்கலாம், அவ்வளவுதான். மிக்ஸரில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று காட்டலாம். மேடையில் சினிமாப் பாட்டு வாசிக்க உரிமம் வேண்டும், அதை வழங்கும் ஐபிஆர்எஸ் 1969-லிருந்தே இருக்கிறது என்று சொல்லலாம். படத்துக்குப் போட்ட பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று 2012-இல் சட்டம் திருத்தப்பட்டதையும் ஒரு மத்தியானத்தில் புரியவைக்கலாம். பில் போடுவது, குழுவின் பெயரில் கணக்கு திறப்பது, கொட்டேஷன் எழுதுவது, இதெல்லாம் ஆறு மாதத்தில் தாராளமாக வரும். எந்த குருவும் இதைச் சொல்லித்தந்ததில்லை. ஒத்து ஊதிய ஏழு வருடத்தில் அப்பாவும் இதைக் கற்கவில்லை.

இந்தக் கணக்குப் பாடத்துக்கு இரண்டு வாரம் கேட்டேன். ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் வகுப்புக்குக் கீபோர்டோடு அந்தச் செக்கையும் எடுத்துப் போகப்போகிறேன். பலகையில் எழுதிப்போட வேண்டிய பயிற்சியையும் யோசித்து வைத்துவிட்டேன்: கலைஞர்கள் ஏழு பேர், நேரம் மூன்று மணி, ஒலிபெருக்கி தனி, வேன் வாடகை தனி, 2011 ஆயுத பூஜைக் கச்சேரிக்கு பில் எழுதுக.