கரும்பும் குடியரசும்

1902ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் ஹவானா நகரில் கியூபக் குடியரசின் கொடி ஏறியது. 1868 முதல் ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்துப் பலமுறை போராடிய மக்கள் அன்று அகமகிழ்ந்தனர். ஆனால், கொடி ஏறுமுன்னரே அவர்தம் சுதந்திரத்திற்கு எல்லை வகுக்கப்பட்டிருந்தது.

1898இல் ஸ்பெயினை வென்ற அமெரிக்கா, தன் சேனையை அகற்ற ஒரு நிபந்தனை விதித்தது. ‘பிளாட் திருத்தம்’ என்பது அதன் பெயர். திருத்தம் எனில் பிழை களைதல் என்பது நம் வழக்கு. இத்திருத்தமோ, உயிருக்கும் உடைமைக்கும் காப்பளிக்கவல்ல அரசாங்கம் நிலவும்பொருட்டு அமெரிக்கா கியூபாவில் தலையிடலாம் என்றது. 1901 ஜூனில் கியூப அரசியல் நிர்ணய சபை 16க்கு 11 என்ற வாக்குகளால் இதனை ஏற்றது.

அவ்வுடைமை யாருடையது? யுனைடெட் புரூட் கம்பெனி கிழக்குக் கியூபாவில் பெருநிலம் வாங்கிக் கரும்பு பயிரிட்டது. தன் தலைமையகம் இருந்த போஸ்டன் நகரின் பெயரை ஓர் ஆலைக்கும், தன் தலைவர் பிரஸ்டனின் பெயரை மற்றோர் ஆலைக்கும் இட்டது. 1903ஆம் ஆண்டு ஒப்பந்தம் கியூபச் சர்க்கரைக்கு அமெரிக்கச் சுங்கவரியில் 20 சதவீதம் சலுகை அளித்தது. கரும்பு செழித்தது, நாடோ ஒரே விளைபொருளையும் ஒரே சந்தையையும் நம்பி வாழலாயிற்று. 1906இல் கலகம் மூண்டதும் அமெரிக்க நிர்வாகம் மீண்டும் வந்து, 1909 வரை நீடித்தது.

1920 மே மாதத்தில் ராத்தல் 22½ சென்டு விற்ற சர்க்கரை, டிசம்பரில் 4 சென்டுக்கும் கீழே வீழ்ந்தது. கியூப வங்கிகள் முறிந்தன. கடனில் மூழ்கிய ஆலைகள் பல நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கியின் கைக்குப் போயின. 1921 ஜனவரியில் அமெரிக்கத் தூதர் கிரவுடர், ‘மின்னசோட்டா’ என்னும் போர்க்கப்பலில் ஹவானா வந்திறங்கினார். குடியரசுத் தலைவரின் சம்மதம் முன்னதாகக் கேட்கப்படவில்லை. மறு ஆண்டில் மந்திரிசபையே அவர் விருப்பத்திற்கிணங்க மாற்றி அமைக்கப்பட்டது.

1934இல் பிளாட் திருத்தம் நீங்கிற்று. எனினும், கியூபா எவ்வளவு சர்க்கரை விற்கலாம் என்பதை வாஷிங்டனே நிர்ணயித்தது. 1960 ஜூலையில் அவ்வளவு வெட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே கியூபா அமெரிக்க ஆலைகளை நாட்டுடைமையாக்கியது.

அந்நிய மூலதனம் ஆலைகளையும் ரயில் பாதைகளையும் தந்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் நிலத்தின் உரிமையாளரும், சரக்கை வாங்குவோரும், வழக்கைத் தீர்ப்போரும் ஒரே திசையினின்று வந்தமையால், குடிமக்கள் இட்ட வாக்கு வலுவிழந்தது. கியூபாவின் வரலாற்றில் நாம் கருதத்தக்கது இதுவே.