பாட்டன் முகத்துக்குப் பூச்சு எதற்கு?

படத்தில் இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை மறைப்பதும் கணிப்பொறி வந்தபின் பிறந்த வித்தை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1839ஆம் ஆண்டில் புகைப்படக்கலை உலகறிய வெளியாயிற்று. 1855இல் பாரிஸ் நகரத்துக் கண்காட்சியிலேயே, மூனிச் நகரத்து ஹான்ஃப்ஷ்டெங்கல் என்பார், நெகடிவைத் திருத்துமுன் எடுத்த படத்தையும் திருத்தியபின் எடுத்த படத்தையும் பக்கத்திற் பக்கமாக வைத்துக் காட்டினார். வழி எளியதே. முகச்சுருக்கம் படத்தில் கருத்துத் தோன்றும். நெகடிவில் அவ்விடம் தெளிந்திருக்கும். அங்கே பென்சிலால் மெல்லத் தீட்டினால் படத்தில் சுருக்கம் மறையும். முதியவர் இளையவராவார்!

பென்சில் செய்ததை இன்று கணிப்பொறி செய்கிறது. அமெரிக்காவில் தாமஸ் நால், ஜான் நால் என்னும் சகோதரர் இருவர் 1987இல் தொடங்கிய வேலையே, 1990இல் ‘போட்டோஷாப்’ என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ‘லேயர்’ முறை 1994இல் அதிற் சேர்ந்தது. பழங்காகிதம் ஒன்றின் படத்தை நேற்றெடுத்த படத்தின்மேல் வைத்து, இரண்டின் வெளிச்சத்தையும் பெருக்கச் செய்தால், வெண்மையுள்ள இடம் மாறாது. கறையுள்ள இடம் கருக்கும். காகிதத்தின் சொரசொரப்பும் மடிப்பும் புதுப்படத்தில் ஏறிவிடும். நேற்றைய படம் நூறாண்டுப் படமாகத் தோன்றும்.

இவ்வித்தைக்கும் பேராக் மாநிலத்துத் தமிழர்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பெரிய சம்பந்தம் உண்டு.

1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, காடழித்து மரம் நட்டுப் பால் வெட்டியவருள் பெரும்பாலோர் தமிழரே. ஆனால் துரையின் பங்களாவைத் தேடிச் சென்ற புகைப்படக் கருவி, லயன் வீட்டைத் தேடி எத்தனை முறை வந்தது? 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வெள்ளைத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிரகடனமாயிற்று. பன்னிரண்டு வயது நிரம்பியோர் யாவரும் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டுமென்று சட்டம் வந்தது. பாட்டாளியைப் பெருமைப்படுத்தவா அப்படத்தை எடுத்தனர்? கண்காணிக்கவே எடுத்தனர். எனினும், கண்காணிக்க எடுத்த அச்சிறு படத்தையன்றிப் பாட்டன் முகத்தைக் காட்ட வேறொன்றும் இல்லாத வீடுகள் உண்டு.

தோட்டத்தை விட்டு ஈப்போ முதலிய நகரங்களுக்கு வந்துவிட்ட பேரன், அச்சிறு படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட விரும்புகிறான். நல்ல காரியம். கீறலை நீக்குவதும் மங்கலைத் தெளிவிப்பதும் நியாயமே. ஆனால் வேலை அத்தோடு நிற்கிறதா? கறுத்த முகம் வெளுக்கிறது. வெற்றுத் தோளில் கோட்டு ஏறுகிறது. கழுத்தில் டை தொங்குகிறது. பின்னால் பட்டுத்திரை விரிகிறது. இறுதியில், பழமை தோன்ற வேண்டுமென்று பொய்க் கறையும் பூசப்படுகிறது! உண்மையான பழமையைத் துடைத்துவிட்டுப் போலிப் பழமையைப் பூசுவது என்ன புத்தி?

கறுப்பு குறையா? விடியுமுன் எழுந்து மரம் வெட்டியது குற்றமா? கோட்டு அணியாதவன் பாட்டன் ஆகமாட்டானா? அவனை இழிவாக எண்ணியவர்கள் துரைமார் மட்டுமல்லர். அவன் முகத்தைச் சுண்ணாம்பாக்கும்போது அவ்விழிவை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அவன் வாழ்ந்தான் என்பதற்குச் சாட்சியாயிருப்பது அம்முகமே. சாட்சியைத் திருத்திவிட்டுச் சரித்திரம் எழுத முடியுமா?

வித்தையை வெறுக்க வேண்டுவதில்லை. முறையறிந்து கையாள வேண்டும். முதலில் மூலப்படத்தை உள்ளது உள்ளபடி கணிப்பொறியிற் பதித்துத் தனியே காக்க வேண்டும். அலங்காரமெல்லாம் நகலின்மேல், தனி லேயரில் இருக்கட்டும், வேண்டாதபோது எடுத்துவிடலாம். படத்தின் பின்புறம் பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும், எதை மாற்றினோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

நாளைய பேரப்பிள்ளை அப்படத்தின் முன் நின்று, “இவர் யார்?” என்று கேட்பான். “பால்மரம் வெட்டிய உன் பாட்டன்” என்று நாம் சொல்லும்போது, படமும் அதையே சொல்ல வேண்டும்.