முன்னே ஆறு, பின்னே இரண்டு

லோவில் மூன்று, ஹையில் மூன்று, ரிவர்ஸ் இரண்டு. மாஸி பெர்குசன் ஓட்டிப் பழகிய டிரைவர்களுக்கு இது மனப்பாடம். தமிழ்நாட்டு வயல்களில் தலைமுறை தாண்டி உழுதுகொண்டிருக்கும் இந்த கியர் பாக்ஸின் பூர்வீகம் பெர்குசன் 35 என்ற டிராக்டர். 1956இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில், பானர் லேன் தொழிற்சாலையிலிருந்து அது வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் விமான எஞ்சின் செய்த இடம் அது.

அதற்கு முன் அங்கே செய்ததும் ஒரு பெர்குசன்தான். 1946இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற டி.இ.20. அதில் முன்னே நான்கு கியர், பின்னே ஒன்று. ஸ்டார்ட் செய்வதற்கும் அந்த கியர் கம்பிதான்: 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால் ஸ்டார்ட்டர் சுழலும். வண்டி கியரில் இருக்கும்போது எஞ்சின் கிளம்பி ஆள்மேல் ஏற வழியே கிடையாது. ஓட்டுகிறவன் உயிரை மனதில் வைத்துச் செய்த வேலை அது. எனக்கு அந்த டிராக்டரில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

ஆனால் நான்கு கியர் போதவில்லை. நாற்று நட ஆமை வேகம் வேண்டும், உழவுக்குக் கொஞ்சம் கூட வேண்டும், சாலைக்கு வேறு வேண்டும். அத்தனைக்கும் தனித்தனிச் சக்கரம் வைத்தால் பெட்டி பெருத்துவிடும், விலையும் ஏறிவிடும். 35ஐ வடிவமைத்தவர்கள் மூன்றே கியர் கொண்ட ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் ஒரு கோள்சக்கரத் தொகுதியைச் சேர்த்தார்கள். நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி ஓடும் சிறு சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். ஒரு கம்பி கியரைத் தேர்ந்தெடுக்கும். இன்னொரு கம்பி அந்தத் தொகுதியைச் சேர்த்தால் லோ, விலக்கினால் ஹை. மூன்று ஆறாகிவிட்டது. ரிவர்ஸும் இரண்டாகிவிட்டது.

பெட்டிக்குள் இருந்தது ஸ்லைடிங் மெஷ். பள்ளம் வெட்டிய தண்டின்மேல் பல்சக்கரம் நகர்ந்துபோய் இன்னொன்றின் பல்லுக்குள் பல்லை நுழைக்க வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் இல்லாவிட்டால் கரகரவென்று கடிக்கும். கார் உலகம் இதை எப்போதோ தாண்டிவிட்டது. 1928லேயே கெடிலாக் காரில், இரண்டு வேகத்தையும் தானே சமன்செய்யும் சிங்க்ரோமெஷ் வந்துவிட்டது. கால் நூற்றாண்டு கழித்து வந்த டிராக்டரில் ஏன் இந்தப் பழைய முறை?

காரணம் மண்ணில் இருக்கிறது. காரில் கிளட்சை மிதித்தாலும் வண்டி உருண்டுகொண்டேதான் இருக்கும், அந்த ஓட்டத்திலேயே அடுத்த கியரைப் போட்டுவிடலாம். ஒன்பது கொத்து கலப்பை மண்ணுக்குள் இறங்கியிருக்கும்போது கிளட்சை மிதித்துப் பாருங்கள், டிராக்டர் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நின்ற வண்டியில் ஸ்லைடிங் மெஷ் சிரமம் தராது. ஆகவே உழவுக்காரனுக்கு ஓட்டத்தில் கியர் மாற்றும் வசதி தேவைப்படவில்லை. வரப்பிலேயே சரியான கியரைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

நிற்காமலே மாற்ற முடியாதா என்று அமெரிக்காவில் அப்போதே முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். 1954இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், இழுவை கனமாகும்போது கிளட்ச் மிதிக்காமல் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1959இல் ஃபோர்டு, பத்து கியரையும் எண்ணெய் அழுத்தத்தால் மாற்றும் பெட்டியை அவசரமாகச் சந்தைக்கு அனுப்பிக் கெட்ட பெயர் வாங்கியது. 1963இல் ஜான் டீர் 4020இல் வந்த பவர் ஷிஃப்ட்தான் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தது. மாஸி பெர்குசனும் சும்மா இருக்கவில்லை. 1962இல் 35 எக்ஸில் மல்ட்டி பவர் என்ற சுவிட்ச் வந்தது. தட்டினால் போதும், ஓட்டத்திலேயே வேகம் கூடும், குறையும். ஒரே ஒரு குறை இருந்தது, அது உயிரோடு விளையாடும் குறை. குறைந்த வேகத்தில் வைத்து மேட்டிலிருந்து இறங்கினால் எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளாது. பாரம் ஏற்றிய டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழும்.

நம் ஊருக்கு வந்து நிலைத்தது இந்தப் புதுமைகள் அல்ல, அந்தப் பழைய ஆறு கியர்தான். 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கியது. மாஸி பெர்குசனுடன் கைகோத்துச் செம்பியத்தில் டிராக்டர் செய்தது. 35இன் வாரிசாக வந்த 1035இல் அதே லோ, ஹை, அதே ஆறும் இரண்டும். பானர் லேனில் டிராக்டர் செய்வதை 2000களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அங்கே செய்த பெட்டி இங்கே தொடர்ந்து ஓடியது.

டெல்டாவில் அதற்குக் கிடைத்த வேலை கவென்ட்ரியில் யாரும் நினைத்துப் பார்க்காதது. தண்ணீர் கட்டிய வயலில் கேஜ் வீல் மாட்டிச் சேறடிப்பது. அதற்கு லோவின் நிதானம் கச்சிதமாகப் பொருந்தியது. ரோட்டாவேட்டர் வந்தபின், 35 குடும்பத்திலிருந்த இன்னொரு ஏற்பாட்டின் அருமையும் தெரிந்தது. அதுதான் டபுள் கிளட்ச். பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். மண் அடைத்தால் பாதி மிதியில் நிறுத்தி, கத்திகள் அடைப்பை உதறியதும் மேலே போகலாம். சிங்கிள் கிளட்ச் வண்டியில் மிதித்ததும் கத்தியும் சேர்ந்து நிற்கும். மறுபடி கிளப்பும்போது புதைந்த கத்தியையும் வண்டியையும் எஞ்சின் ஒன்றாக இழுக்க வேண்டும்.

பெட்டிக்குக் கேடு வந்தது சாலையில். செங்கல், மணல், கரும்பு என்று டிராக்டர் பாதி நாள் லாரி வேலை பார்க்க ஆரம்பித்தது. ஓடும் வண்டியில் ஸ்லைடிங் மெஷ்ஷை மாற்றக் கைப்பக்குவம் வேண்டும். வாடகை வண்டியில் ஆள் மாறி ஆள் ஓட்டும்போது அந்தப் பக்குவத்துக்கு எங்கே போவது? மெக்கானிக் மேல்மூடியைக் கழற்றி விரலை விட்டுத் தடவினால், பல்லின் பக்கவாட்டு விளிம்பு மட்டும் மழுங்கி உருண்டிருக்கும், நடுப்பகுதி புதிதுபோல இருக்கும். நுழையும்போது கடித்துக் கடித்துத் தேய்ந்த தேய்மானம் அது. அடியில் கட்டிய எண்ணெயில் இரும்புத்தூள் மினுங்கும்.

கான்ஸ்டன்ட் மெஷ் தீர்ப்பது இந்தத் தேய்மானத்தைத்தான். சக்கரங்கள் எப்போதும் பல்லோடு பல் கோத்தே இருக்கும். தண்டோடு அவற்றைப் பூட்டும் வளையம் மட்டும் நகரும். கடித்தாலும் அடி விழுவது வளையத்துக்கு. சில கியர் இப்படியும் சில பழையபடியும் இருந்தால் பார்ஷியல் கான்ஸ்டன்ட் மெஷ். வளையம் நுழையுமுன் உரசி இரண்டு வேகத்தையும் சமன்செய்யும் கூம்பு இருந்தால் அது சிங்க்ரோ. 2014இல் வந்த மஹிந்திரா அர்ஜுன் நோவோ, முன்னே 15 கியரும் சிங்க்ரோவுமாக வந்து இறங்கியது.

இந்த ஓட்டத்தின் மறுமுனை ஜெர்மனியில் இருக்கிறது. 1995இல் ஃபென்ட் நிறுவனம் காட்சிக்கு வைத்த 926 வாரியோவில் கியர் என்ற படியே கிடையாது. எஞ்சின் சக்தியை ஒரு கோள்சக்கரத் தொகுதி இரண்டாகப் பிரிக்கும்: ஒரு பங்கு எண்ணெய் பம்ப் வழியாக, மறுபங்கு நேராகப் பல்சக்கரம் வழியாக. மெதுவாகப் போகையில் எண்ணெய்ப் பங்கு அதிகம், வேகம் ஏற ஏற இரும்புப் பங்கு அதிகம். 35இல் மூன்றை ஆறாக்கிய அதே வகைத் தொகுதி, இங்கே எண்ணிக்கையையே இல்லாமல் ஆக்கிவிட்டது. மாஸி பெர்குசனை 1994இல் வாங்கிய ஆக்கோ நிறுவனம் 1997இல் ஃபென்டையும் வாங்கியது.

இன்று ஷோரூமில் நிற்கும் விவசாயிக்கு வாரியோ கேள்வியே அல்ல. அதன் விலையும் பராமரிப்பும் நம் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கருக்குப் பொருந்தாதவை. அவர் முன் இருப்பது ஸ்லைடிங், பார்ஷியல், கான்ஸ்டன்ட், சிங்க்ரோ. விற்பவர் சிங்க்ரோவைப் புகழ்வார். வருடம் முழுக்க உழவும் சேறும்தான் என்றால் அந்தக் கூடுதல் பணம் வீண் என்றே சொல்வேன். சேற்றில் சிங்க்ரோவுக்கு வேலையே இல்லை, அங்கே வண்டி எப்படியும் நின்றுதான் கியர் மாறும். அந்தப் பணத்தை டபுள் கிளட்ச்சில் போடுவது நல்லது. ஆலைக்குக் கரும்பு இழுப்பவர், ஆள் வைத்து வாடகைக்கு ஓட்டுபவர், கான்ஸ்டன்ட் மெஷ்ஷுக்குக் கீழே இறங்கவே கூடாது. மண் அள்ளும் லோடர் மாட்டி நிமிடத்துக்கு நாலு தடவை முன்னும் பின்னும் போகிறவருக்கு, அந்தத் திசைமாற்றத்துக்கான சிங்க்ரோ ஷட்டில் கை வலியையும் நேரத்தையும் நிஜமாகவே மிச்சப்படுத்தும்.

பழைய 1035ஐ வாங்குகிறவர் பெயின்ட்டையும் டயரையும் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. டிரெய்லரை மாட்டச் சொல்லி ஹை மூன்றில் ஓட்டிப் பாருங்கள். ஒரு மேடேறி இறங்கையில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் பல்விளிம்பு போய்விட்டது என்று அர்த்தம். பெட்டியைப் பிரிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.