பழைய காரின் திறப்பு

மாத்தளை நகரிலே, கண்டி–யாழ்ப்பாணப் பெருவீதியை அடுத்துள்ள கராஜ் ஒன்றில் அண்மையில் அரைநாள் காத்திருந்தேன். எனது பழைய மொறிஸ் மைனர் காரின் இக்னிஷன் பூட்டுத் தேய்ந்து, கரண்டிக் காம்பைச் செருகினாலும் திரும்பும் நிலையை எய்தியிருந்தது. “புதிய ஆளி ஒன்றைப் பூட்டிவிடுவோமா, சேர்?” என்று வினவினார் பாஸ். (ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்ற சொற்களுள் இந்தப் பாஸ் என்பதும் ஒன்று.) மாற்றுவதா, பேணுவதா? இவ்வினாவுக்குப் பின்னே ஒரு நீண்ட வரலாறு உண்டு.

மோட்டார் கார் தோன்றிய காலத்தில் அதைக் கிளப்பத் திறப்பே வேண்டியதில்லை. முன்புறத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றுவர். மக்னீற்றோ என்னும் கருவி அச்சுழற்சியிலேயே தீப்பொறியைப் பிறப்பிக்கும். ஆளியின் கடமை இயந்திரத்தை நிறுத்துவது மட்டுமே. அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங் அமைத்த மின்தொடக்கி 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் இடம்பெற்றது. திறப்பைத் திருப்பிய மாத்திரத்தே இயந்திரம் சுழலும் முறையைக் கிறைஸ்லர் நிறுவனம் 1949இல் கொணர்ந்தது. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரோ நெடுங்காலம் பழைய வழக்கையே பேணிற்று. திறப்பு மின்னோட்டத்தை விடும். கிளப்புதற்கு வேறொரு குமிழை இழுத்தல் வேண்டும்.

ஆக, அப்பூட்டு ஆளியாகப் பிறந்ததேயன்றிக் காவலாகப் பிறந்ததன்று. இதற்கு நல்ல சான்று பிரித்தானியக் கார்களிலேயே உண்டு. அக்காலத்துக் கார்கள் பலவற்றில் வழங்கிய எம்.ஆர்.என். என்னும் வரிசையில் 1 முதல் 50 வரை, ஐம்பது வகைத் திறப்புகளே இருந்தன. அதனினும் வியப்பு, திறப்பின் எண் பூட்டின் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தமை! திறப்பைத் தொலைத்தவர் எண்ணைச் சொல்லிப் புதியதொன்றை வாங்கலாம். கண்ணாடி வழியே அவ்வெண்ணைப் படித்த கள்வனும் அவ்வாறே வாங்கலாம் அன்றோ?

மெய்யான காவல் பின்னரே வந்தது. சுக்கானைப் பூட்டும் கருவியை மேற்கு ஜெர்மனி 1961இல் புதிய கார்களுக்கும், 1963இல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கிற்று; களவு பெரிதும் குறைந்தது. பிரித்தானியா 1971இல் புதிய கார்களுக்கு மட்டும் கட்டாயமாக்க, கள்வர் பழைய கார்களை நாடினர்.

நம் நாட்டில் பழைய காரே பலருக்கு வாய்த்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களில் கார் இறக்குமதி சுருங்கிற்று. 1977க்குப் பின் கதவு திறந்தது. 2020 மார்ச்சில் மீண்டும் மூடப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இத்தகைய காலங்களில் மொறிஸையும் ஒஸ்ரினையும் ஓடவைத்தவர்கள் சிற்றூர்க் கராஜ்களின் பாஸ்மாரே. அவர்களின் கைத்திறனை எந்த வரலாற்று நூலும் போதிய அளவு பதிந்ததாக நான் கருதவில்லை.

புதிய ஆளி பூட்டினால் கதவுக்கொரு திறப்பு, இயந்திரத்துக்கொரு திறப்பு என இரண்டைச் சுமக்க வேண்டும். ஆதலின் பழையதையே பேணச் சொன்னேன். பாஸ் முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்றினார். திறப்பை உள்ளே விட்டு, பூட்டின் பக்கத்துச் சிறு துளையில் கம்பியை அழுத்தவும் உருளை கையோடு வந்தது. உள்ளே மெல்லிய பித்தளைத் தகடுகள்; ஒவ்வொன்றின் கீழும் மயிரிழை போன்ற சுருள்வில். தேய்ந்த தகடுகளுக்குப் பதிலாகக் கழித்த பூட்டொன்றிலிருந்து எடுத்தவற்றை இட்டார். எண்ணைப் பார்த்துப் புதிய திறப்பும் வெட்டுவித்தார்.

பூட்டுமுன், “இந்த எண்ணை அராவி அழித்துவிடவா, சேர்?” என்றார். அழித்தால் கள்வனுக்கு இடர். ஆனால் எனக்குப் பின் இக்காரை ஓட்டுபவர் திறப்பைத் தொலைத்தால் அவருக்கும் இடர். காரின் பதிவுப் புத்தகத்தின் பின்னட்டையில் எண்ணை மையால் எழுதிவைத்தேன். அதன் பின்னரே அரத்தை எடுக்கச் சொன்னேன்.