கைபேசிக்கு எட்டாத நடுக்கம்: கிராமப்புறக் குடிநோய்ச் சிகிச்சையில் தொழில்நுட்பத்தின் இடம்

சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019இல் வெளியானது. அதன்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்தான். குடிப்பவர் விகிதமோ நகரத்தைவிடக் கிராமத்தில் கூடுதல். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் நகரத்தில் 16.5 விழுக்காட்டினரும் கிராமத்தில் 19.9 விழுக்காட்டினரும் குடித்தார்கள். மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருப்பதால், கைபேசி வழியாக மருத்துவரை நோயாளியின் வீட்டுக்கே கொண்டுசென்றுவிடலாம் என்ற நம்பிக்கை எழுவது இயல்பு. அந்த நம்பிக்கை பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பது என் வாதம். நோயாளிக்குப் பக்கத்தில் இருக்கும் செவிலியரையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் தொலைவிலுள்ள நிபுணரோடு இணைப்பதே தொழில்நுட்பத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

குடியை நிறுத்திய முதல் சில நாட்களைப் பார்த்தாலே காரணம் விளங்கும். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் சட்டென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கிவிடும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். இந்தத் தீவிரத்தை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் சிவா-ஏஆர் என்ற அளவுகோலில் பத்துக் கூறுகள் உண்டு. அவற்றில் ஒன்று நடுக்கம். நோயாளி கைகளை நீட்டி விரல்களை விரிக்க வேண்டும். 1 மதிப்பெண் பெறும் நடுக்கம் கண்ணுக்குப் புலப்படாது. சோதிப்பவர் தம் விரல் நுனியை நோயாளியின் விரல் நுனியோடு சேர்த்தால்தான் உணர முடியும். எந்தக் காணொளியும் இதைக் காட்டாது. உள்ளங்கை ஈரத்தைப் பார்க்க, நாடி பிடிக்க, தயமின் என்ற வைட்டமின் ஊசி போட, ராத்திரி தூங்கினாரா, சாப்பிட்டது வயிற்றில் தங்கியதா என்று மனைவியிடம் விசாரிக்க, அருகில் ஒருவர் வேண்டும்.

அப்படி அருகில் இருப்பவரைத் தேர்ந்தவராக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா தொடங்கிய எக்கோ திட்டம், ஊரக மருத்துவர்களைக் காணொளியில் நிபுணர் குழுவோடு வாராவாரம் அமர்த்தி, அவர்களுடைய நோயாளிகளைப் பற்றியே விவாதிக்க வைத்தது. தொடக்கம் ஹெபடைடிஸ் சி நோயில். 2011இல் வெளியான ஆய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானோர் 57.5 விழுக்காடு, எக்கோ மையங்களில் 58.2 விழுக்காடு. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் இதே முறையை மனநலத்துக்கும் போதை அடிமைத்தனத்துக்கும் எடுத்துக்கொண்டது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சங்காத் அமைப்பு நடத்தி 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வையும் இங்கே சேர்க்கிறேன். அதில் தொழில்நுட்பம் பெரிதாக எதுவும் இல்லை. சேர்ப்பதற்குக் காரணமும் அதுவே. மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதத்தில் தீங்கான குடியிலிருந்து மீண்டவர்கள் 36 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காடு. இந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் முழு அடிமை நிலைக்கு முந்தைய கட்டத்தில் இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அந்தக் கட்டத்தில் கண்டுபிடிப்பதும் உள்ளூர் ஆளால்தானே முடியும்!

கைபேசி யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். பல வீடுகளில் உதவி தேடி முதலில் அலைபவர் மனைவி அல்லது தாய். தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் நாட்டில் 54 விழுக்காடு மட்டுமே என்கிறது அதே குடும்பநல ஆய்வு. கணவரின் கைபேசிக்கு வரும் நினைவூட்டல் செய்தி சில வீடுகளில் அடியில் முடியும்.

மருந்துச் சட்டமும் இதே திசையைத்தான் காட்டுகிறது. 2020 மார்ச் 25இல் வந்த தொலை மருத்துவ வழிகாட்டுநெறிகள், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் அடங்கும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித்தரத் தடை விதித்தன. குடியை நிறுத்தும்போது தேவைப்படும் குளோர்டயசெபாக்சைடு, அபின் வகை அடிமைத்தனத்துக்கான புப்ரினார்பின் ஆகியவை அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளன. இவற்றுக்கும் அடிமையாகும் வாய்ப்பு இருப்பதால் அந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு. நோயாளியை நேரில் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், நிபுணரின் ஆலோசனையோடு தாமே மருந்து எழுதினால் இந்தத் தடை குறுக்கே வராது.

மருத்துவருக்கு மருத்துவர் பேசும் வசதி அரசின் தொலை மருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறார்கள். குடி பற்றிய சில கேள்விகளை அவர்கள் கேட்கப் பழக்கலாம். 14416 போன்ற மனநல உதவி எண்களின் வெற்றியை வந்த அழைப்புகளால் அளப்பதைவிட, முதல் வாரத்தில் எத்தனை பேருக்கு நேரில் நாடி பார்க்கப்பட்டது, மூன்றாம் மாதத்திலும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். நிபுணரோடு அமரும் வாராந்தர ஒரு மணி நேரத்தைக் கிராம மருத்துவரின், செவிலியரின் பணிநேரமாகவே அரசு ஆணையிட்டு ஒதுக்க வேண்டும். புறநோயாளிக் கூட்டம் முடிந்த பிறகு அவர்கள் சொந்த நேரத்தில் செய்யட்டும் என்று விட்டால் அது நடக்காது.