கையில் ஆயுதம், கண்ணில் ஐயம்

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோவில்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்நகரின் வரலாற்றில் ஆயுதங்களுக்கும் நீண்ட இடம் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மனும் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியும் மோதிய புள்ளலூர் காஞ்சிக்கு அருகில் உள்ளது. அதே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஐதர் அலியும் திப்புவும் முறியடித்தனர். சில மைல் தொலைவில் காஞ்சியில் தங்கியிருந்த தளபதி எக்டர் மன்றோ உரிய நேரத்தில் உதவிக்குப் போய்ச் சேரவில்லை. தோல்வி உறுதியானதும் தம் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அக்காலப் போர்களில் கோவில் மதில்களே கோட்டை மதில்களாகவும் பயன்பட்டன.

அந்நாளில் ஆயுதம் படைவீரருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பாளையக்காரரின் ஆட்கள் ஏந்தினர். ஊர்க் காவற்காரர் ஏந்தினர். காவற்காரருக்கு ஊரார் காவற்கூலி அளிப்பர். பொருள் களவு போனால் அதை மீட்டுத் தருவதோ ஈடு செய்வதோ அவர் கடமை. முறையாக நடந்த இடங்களில் இந்த ஏற்பாடு மக்களுக்கு அரணாக இருந்தது. ஆனால் கூலி தர மறுத்த ஊர்களைக் காவற்காரரே துன்புறுத்தியதாக ஆங்கிலேய அதிகாரிகள் எழுதி வைத்துள்ளனர். காப்பவர் யார், அச்சுறுத்துபவர் யார் என்பதை ஆயுதத்தைக் கண்டு மட்டும் கூற முடியாது என்பதை நம் மண் அப்போதே அறிந்திருந்தது.

1799-இல் கட்டபொம்மனும் 1801-இல் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென் பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியா முழுவதற்கும் உரிமம் பெறும் கட்டாயத்தைக் கொண்டு வந்தது. ஐரோப்பியருக்கோ அதிலிருந்து விலக்கு அளித்தது. ஆள்பவர் கையில் துப்பாக்கி, ஆளப்படுபவர் கையில் ஒன்றுமில்லை என்ற நிலை பெரும் அவமதிப்பாக உணரப்பட்டது. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே 1918-இல் இச்சட்டத்தை மிகக் கடுமையாகக் கண்டித்தார். 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரசு மாநாடு, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது.

ஆகவே விடுதலை பெற்ற இந்தியா அந்த உரிமையை அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதற்கான திருத்தத்தை முன்மொழியவும் செய்தார். அண்ணல் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. கராச்சித் தீர்மானம் அந்நிய ஆட்சியின் ஆயுதச் சட்டத்துக்கு எதிராக எழுந்த குரல் என்றும், எவரும் தடையின்றிக் கடைக்குச் சென்று ஆயுதம் வாங்கலாம் என்ற நிலையில் ஓர் அரசு நிர்வாகம் நடத்த இயலாது என்றும் அவர் விளக்கினார். திருத்தம் தோற்றது. இன்றைய 19-ஆம் விதி, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையே நமக்கு அளிக்கிறது. சீக்கியர் கிர்பான் அணிவது 25-ஆம் விதியின் விளக்கத்தில் சமய உரிமையாக ஏற்கப்பட்டுள்ளது. குடகு மக்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு தொடர்கிறது. இவை மரபை மதித்து அளிக்கப்பட்ட விதிவிலக்குகள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம். 2016-ஆம் ஆண்டின் விதிகள் பொது இடத்தில் அதை உறையிலிட்டே எடுத்துச் செல்லுமாறு பணிக்கின்றன.

அமெரிக்கா வேறு வழியைத் தேர்ந்தது. 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஆயுதம் ஏந்துவதை மக்களின் உரிமையாக்கியது. வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காகத் துப்பாக்கி எடுத்துச் செல்வதும் அவ்வுரிமையில் அடங்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. பல மாநிலங்களில் துப்பாக்கியை வெளிப்படையாகத் தாங்கித் தெருவில் நடக்கலாம். நல்லவர் கையில் துப்பாக்கி இருந்தால் தீயவரை அந்த இடத்திலேயே தடுத்துவிடலாம் என்பது இதன் ஆதரவாளர்களின் வாதம்.

அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று நாம் தள்ளிவிட முடியாது. 2021 சூன் 21 அன்று கொலராடோ மாநிலத்தின் அர்வாடா நகரில் ஒருவன் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். அருகில் இருந்த ஒருவர் தம் கைத்துப்பாக்கியால் அவனை வீழ்த்தி மேலும் பல உயிர்கள் போகாமல் காத்தார். பின்பு கொலையாளியின் துப்பாக்கியை எடுத்தார். அவ்வேளையில் வந்த காவலர் ஒருவர் அவரையே கொலையாளி என்று கருதிச் சுட்டார், காத்தவர் மாண்டார். 2016 சூலை 7 அன்று டல்லாசில் ஊர்வலத்தின்போது மறைந்திருந்து சுட்டவன் ஐந்து காவலர்களைக் கொன்றான். சட்டப்படி துப்பாக்கியைத் தோளில் மாட்டி அதே ஊர்வலத்தில் நடந்த ஒருவரின் படத்தைக் காவல்துறையே சந்தேக நபர் என்று வெளியிட்டது. அவரோ தாமே முன்வந்து ஆயுதத்தைக் காவலரிடம் ஒப்படைத்தவர். ஆயுதம் தாங்கிய பலர் நிற்கும் இடத்தில் நல்லவர் இவர், தீயவர் இவர் என்று நெற்றியில் எழுதியிருப்பதில்லை.

இன்னும் கொடியது 2020 பிப்ரவரி 23 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் நிகழ்ந்தது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த இருபத்தைந்து வயதுக் கறுப்பின இளைஞரைத் திருடன் என்று ஐயுற்ற மூவர், அவர்களுள் இருவர் ஆயுதத்துடன், வண்டிகளில் துரத்தினர். ஒருவர் சுட்டுக் கொன்றார். ஐயத்துக்குரிய செயல் எதையும் அவர்கள் நேரில் காணவில்லை. கண்டது அவரது நிறத்தை. 2021-இல் நீதிமன்றம் மூவரையும் கொலைக் குற்றவாளிகளாகத் தீர்ப்பளித்தது. குடிமகனே கைது செய்யலாம் என்ற 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அம்மாநிலம் நீக்கியது.

இதெல்லாம் தொலைதூரக் கதை என்று நாம் ஆறுதல் அடைய இயலாது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்ற வதந்தி கைப்பேசி வழியே வட தமிழகத்தில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோவிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பத்தினர் வழி கேட்டு நின்றனர். அவர்களுள் ஒருவரான முதிய பெண்மணி அங்கிருந்த குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். அந்தச் செயலே குற்றச்சாட்டாயிற்று. ஊர் திரண்டு அடித்ததில் அவர் இறந்தார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். அதே நாட்களில் திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டிலும் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். இரண்டும் காஞ்சிபுரத்துக்கு அடுத்த மாவட்டங்கள். அங்கே எவர் கையிலும் துப்பாக்கி இல்லை. தடியும் கையும் போதுமாயிருந்தன. குற்றம் சாட்டியவர்களே சாட்சிகளாகவும் நீதிபதிகளாகவும் தண்டனை நிறைவேற்றுவோராகவும் இருந்தனர்.

நம் சட்டம் இதை முன்னமே எண்ணிப் பார்த்திருக்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும், 2024 சூலை முதல் அதன் இடத்தில் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவும் தற்காப்பு உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கின்றன. பிறர் உடலைக் காக்கவும் அவ்வுரிமை உண்டு. ஆனால் எல்லைகள் உண்டு. ஆபத்து பற்றிய அச்சம் நியாயமானதாக இருக்க வேண்டும். அதிகாரிகளை நாட நேரமிருந்தால் உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யலாகாது. அத்திமூரில் காவல்துறையை அழைக்க நேரம் இருந்தது. கேள்வி கேட்கவும் நேரம் இருந்தது. 2018 சூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுக்க அரசுகளுக்குக் கட்டளைகள் பிறப்பித்ததும் இந்தப் பின்னணியில்தான்.

இங்கே ஒரு கேள்வியை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். காவல்துறை வருவதற்குள் உயிர் போய்விடும் இடத்தில் வாழ்பவன் என்ன செய்வான்? தாழ்த்தப்பட்ட மக்கள் மீதான வன்கொடுமைத் தடுப்புக்கான 1995-ஆம் ஆண்டு விதிகள், தேவையானால் அம்மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்கவும் இடமளிக்கின்றன. அரசின் கை எட்டாத இடங்கள் இந்நாட்டில் உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்ட விதி அது. வலியோர் நடுவே நிராயுதபாணியாக நிற்பவரிடம் பொறுமையைப் போதிப்பது எளிது. அவருக்குப் பாதுகாப்பு அளிப்பதே கடமை. ஆனால் அந்த விதியும் ஆயுதத்தை இன்னாரென்று தெரிந்த ஒருவருக்கு, தெரிந்த ஓர் ஆபத்துக்காக, அதிகாரியின் பொறுப்பில்தான் தருகிறது. தெருவில் எதிர்ப்படும் முன்பின் அறியாத மனிதரை எடைபோடும் அதிகாரத்தை எவருக்கும் தரவில்லை.

கெத்சமனித் தோட்டத்தை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். பேதுருவிடம் வாள் இருந்தது. ஆபத்தும் பொய்யன்று, ஆண்டவரைப் பிடிக்க உண்மையாகவே ஆட்கள் வந்திருந்தனர். அன்பினாலேயே அவர் வாளை உருவினார். ஆயினும் வெட்டுண்டது தீர்ப்பெழுதிய தலைமைக் குருவின் கை அன்று. ஏவியதைச் செய்ய வந்த பணியாளன் மால்குவின் காது. இயேசு வாளை உறையிலிடச் சொன்னார். வெட்டுண்ட காதைத் தொட்டு நலமாக்கினார். நல்ல நோக்கமும் உண்மையான ஆபத்தும் சேர்ந்திருந்தபோதே வாள் தவறான இடத்தில் விழுந்தது என்றால், வதந்தியும் அச்சமும் மட்டுமே இருக்கும் இடத்தில் அது எங்கே விழும்?

காஞ்சிபுரம் அந்நியரால் வாழும் ஊர். கோவில் தேடி வருபவரும் திருமணப் பட்டு வாங்க வருபவரும் நாள்தோறும் அதன் தெருக்களில் வழி கேட்கின்றனர். அவர்கள் மொழி வேறு, உடை வேறு. அவர்களை ஐயத்தோடு நோக்கும் ஊரில் தறி ஓடாது. நம் ஊர்களும் பங்குகளும் அவ்வாறே பிறர் வருகையால் வாழ்பவை. அடுத்த வதந்தி நம் கைப்பேசிக்கு வரும் நாளில் அதை மேலும் அனுப்பாதிருப்பதும், முன்பின் அறியாதவரிடம் ‘எங்கே போக வேண்டும்?’ என்று கேட்பதும், கூட்டம் கை ஓங்கும்போது நடுவே சென்று நின்று காவல்துறையை அழைப்பதும் நம்மால் இயலும். அத்திமூரில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் முன்வந்திருந்தால், அந்த அம்மையார் தம் குலதெய்வத்தை வணங்கிவிட்டு வீடு திரும்பியிருப்பார்.