ரெகுலேட்டருக்கு எதுக்கு ரெண்டு குழாய்?

ரெகுலேட்டர்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது ரெண்டுதான். ஒண்ணு ஃபேன், இன்னொண்ணு கேஸ் சிலிண்டர். ஸ்கூபா டைவிங் பண்றவங்க வாயில கவ்விக்கிட்டு இருக்காங்களே, அதுவும் ரெகுலேட்டர்தான். ஃபேனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ஆனா கேஸ் ரெகுலேட்டருக்கு அது ஒண்ணுவிட்ட தம்பி!

1942 டிசம்பர், பாரிஸ். ஊரே ஜெர்மன்காரன் பிடியில். பெட்ரோல் கிடைக்காமல் கார்களை கேஸில் ஓட்டிக்கொண்டிருந்த காலம். ஏர் லிக்கீட் கம்பெனி எஞ்சினியர் எமில் கான்யான் அதற்காக ஒரு ரெகுலேட்டர் வைத்திருந்தார். எஞ்சின் உறிஞ்சும்போது மட்டும் கேஸ் விடும். கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ அவரைத் தேடி வந்து கேட்டது: எஞ்சினுக்குப் பதிலா மனுஷன் உறிஞ்சினா?

ஐடியா புதுசில்லை. 1860-லேயே சுரங்க எஞ்சினியர் ரூக்கெரோல் இதே தத்துவத்துக்கு பேடன்ட் வாங்கினார். தெனேரூஸ் என்ற கடற்படைக்காரரோடு சேர்ந்து அதைத் தண்ணிக்குள்ளயும் இறக்கினார். ஜூல்ஸ் வெர்ன் நாவலில் கேப்டன் நீமோ ஆட்கள் மாட்டிக்கொள்வது இதன் கற்பனை வாரிசுதான். அந்தக் காலத்து சிலிண்டர் அதிக அழுத்தம் தாங்காது, அவ்வளவுதான் பிரச்சினை.

1943 தொடக்கத்தில், குளிரில், மார்ன் ஆற்றில் கூஸ்தோ இறங்கினார். படுத்து நீந்தினால் அருமை. நிமிர்ந்து நின்றால் காற்று கொட்டோ கொட்டுன்னு கொட்டி வீணாகுது. தலைகீழானால் இழுக்கவே முடியலை.

இங்கதான் சுவாரசியம். ரெகுலேட்டருக்குள் ஒரு ரப்பர் சவ்வு. அதன் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. மூச்சை இழுத்தால் சவ்வு உள்ளே குழியும், வால்வு திறக்கும். விட்ட மூச்சு வெளியேறும் வாயோ, நிமிர்ந்து நிற்கும்போது சவ்வைவிட அரையடி மேலே இருந்தது. மேலே தண்ணீர் அழுத்தம் குறைவு. அதனால் உள்ளிருக்கும் காற்று தானாக வெளியே ஓடும், சவ்வு குழியும், வால்வு மூடவே மூடாது. தலைகீழானால் அப்படியே உல்டா.

அரையடி என்ன பெரிய விஷயம்னு தோணும். நல்ல ரெகுலேட்டர் திறக்க சில சென்டிமீட்டர் தண்ணீர் அளவு உறிஞ்சினாலே போதும். அரையடின்னா 15 செ.மீ.!

வால்வைத் தொடவே இல்லை. வெளியேறும் வாயை சவ்வுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். (நம்ம ஆபீஸா இருந்தா மொத்தத்தையும் திருப்பி எழுதியிருப்போம் :-)) பழைய படங்களில் வாயின் இரண்டு பக்கமும் தடித்த குழாய் முதுகுக்குப் போகுமே, அதில் ஒன்றின் வேலை இதுதான். விட்ட மூச்சை முதுகிலிருக்கும் சவ்வு மட்டத்துக்கே திருப்பிக் கொண்டுபோவது. பார்க்க அசிங்கம், ஆனால் காரணத்தோடு.

1952-ல் மெல்போர்னில் டெட் எல்ட்ரெட் 'போர்பஸ்' விற்க ஆரம்பித்தார். சவ்வு, வெளியேறும் வாய் ரெண்டையுமே வாய்க்கு முன்னால் கொண்டுவந்ததால் ஒரே மெல்லிய குழாய் போதுமானது. கூஸ்தோவுக்குக் கிடைத்த பேரில் கால்வாசிகூட இந்த மனுஷனுக்குக் கிடைக்காதது எனக்கு வருத்தம்தான். இன்று டைவர்கள் கவ்வுவது அவர் போட்ட பாதையில் வந்த சாமான்.

தெரிந்த ஒருவர் அதை சர்வீஸ் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் கழற்றி, உப்புப் பச்சை போக லேசான அமிலக் கரைசலில் ஊறப்போட்டு, ஓ-ரிங்குகளை மாற்றி, துளி சிலிகான் கிரீஸ் தடவினார். சிலிண்டரின் 200 பாரை முதல் கட்டம் 10 பார் பக்கம் குறைக்கணும். கேஜ் முள் மெல்ல மேலே ஏறினால் சீட் கசியுதுன்னு அர்த்தம், திரும்பக் கழற்று. அடுத்து வாய்ப்பகுதி. மூச்சு வெளியேறும் ரப்பர் இதழில் ஒரு மணல் துகள் இருந்தாலும் வாய்க்குள் தண்ணீர் வரும்.

கடைசியாக, சவ்வு அழுத்தும் குட்டி நெம்புகோலின் உயரம். அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தார். கொஞ்சம் உயர்ந்தால் காற்று கொட்டும். தாழ்ந்தால் இழுக்க முடியாது. மார்ன் ஆற்றில் கூஸ்தோ பட்ட அதே ரெண்டு அவஸ்தை, இப்போ ஒரு மில்லிமீட்டருக்குள்.